சிவந்த வாய், வெளிறிய வாய்

நாளைக்குக் கிளினிக் என்றால் இன்று மத்தியானத்தோடு சோற்றை நிறுத்திவிட வேண்டும். வயிற்றில் பை ஒட்டியபடி நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகவேண்டிய ஒருவரின் கணக்கு அது. விடிய எழும்பி மாவலித்துறைக்கு வந்து படகேறினால் குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஆளோடு ஆள் நெருக்கி இருக்கவேண்டும். இறங்கியதும் பஸ். புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணை என்று கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிகளில் இன்னொரு பயணம். வழியில் பை நிறைந்தால் எங்கே போய்க் கழிப்பது? பக்கத்தில் இருப்பவருக்கு மணத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? வயிறு வெறுமையாக இருந்தால் பையும் வெறுமையாக இருக்கும். ஆகவே பட்டினி. இரவு நித்திரையும் இல்லை, புரண்டு படுத்தால் பை கழன்றுவிடுமோ என்ற பயத்தில்.

கிளினிக்கில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கடந்த இரண்டு கிழமையில் பசி எப்படி? இல்லை. நித்திரை? வருகுதில்லை. களைப்பு? உடம்பிலே ஒரு பலமும் இல்லை, டொக்டர்.

அந்தத் தாளின் பெயர் பி.எச்.கியூ.-9. 2001இல் வெளிவந்து இன்று உலகம் முழுவதும் புழங்கும் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. மொத்தம் பத்தைத் தொட்டால் மனச்சோர்வு இருக்கக்கூடும், மேலே விசாரியுங்கள் என்பது வழக்கம். பசி, நித்திரை, களைப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் நம்மவர் முழுப் புள்ளி வாங்கினால் ஒன்பது வந்துவிடும். மனதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே வாசற்படிவரை வந்துவிட்டார்.

இங்கே இரண்டு பிழைகள் நடக்கலாம். படகுக்குப் பயந்து பட்டினி கிடந்தவரை மனநோயாளி என்று எழுதிவிடலாம். மற்றது இதைவிடப் பொல்லாதது. “வயிற்றில் பை இருந்தால் பசி குறையும்தானே” என்று சொல்லி, உள்ளுக்குள் உண்மையாகவே உடைந்துபோயிருக்கும் ஒருவரை ஒரு விட்டமின் குளிசையோடு படகேற்றி அனுப்பிவிடலாம். வயிற்றுக் கணக்கா, மனக் கணக்கா என்ற இந்த இழுபறி கேள்வித்தாளோடு முடிவதில்லை. இரத்தம், உமிழ்நீர், உப்பு, ஹோர்மோன் என்று எதை அளந்தாலும் கூடவே வருகிறது.

நெடுந்தீவுக்காரர் ஒரு தனி ஆள் அல்லர். குடல்வாயோடு வாழ்பவர்கள் பலருக்கும் பொதுவான அனுபவங்களைச் சேர்த்து, இந்த அத்தியாயத்துக்காக உருவாக்கிக்கொண்ட ஆள். வயது அறுபதைத் தாண்டியது, தொழில் கடல், பெயர் வேண்டாம்.

அவருக்குச் செய்தது இதுதான். குடலின் நோயுற்ற பகுதியை வெட்டியபின், மிஞ்சிய குடலின் நுனியை வயிற்றுச் சுவரில் ஒரு துளையிட்டு வெளியே எடுத்து, சட்டைக் கையை மடிப்பதுபோல் மடித்துத் தோலோடு தைத்துவிடுகிறார்கள். வெளியே எடுத்தது பெருங்குடலின் நுனி என்றால் கொலஸ்டமி, சிறுகுடலின் நுனி என்றால் இலியோஸ்டமி. வெளியே தெரியும் அந்த நுனிக்கு வைத்தியர்கள் வழங்கும் பெயர் ஸ்டோமா. கிரேக்க மொழியில் வாய் என்று பொருள்; இங்கே குடல்வாய் என்போம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “அவருக்குப் பை வைச்சிருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும், குரலும் தாழ்ந்துவிடும்.

அந்த வாயைக் கிட்ட வைத்துப் பார்த்தால் கன்னத்தின் உட்புறம்போல ஈரமான சிவப்பு. கழுவும்போது துணி பட்டாலே ஒரு சொட்டு இரத்தம் கசியும். ஆனால் நோகாது, ஏனென்றால் தோலில் இருப்பதுபோன்ற வலியுணரும் நரம்புகள் அங்கே இல்லை. தன் உடம்பின் ஒரு பகுதி கண்ணுக்கு முன்னால் அசைகிறது, சுருங்குகிறது, விரிகிறது. தொட்டால் மட்டும் தெரிவதில்லை. முதன்முதலாகக் குனிந்து பார்க்கும் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மனச்சோர்வின் உடல் அடையாளத்தை இரத்தத்தில் தேடத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, சில வைத்தியர்கள் அதை இந்த வாயிலேயே நேராகப் பார்த்தார்கள். நியூயோர்க்கில் ஸ்டூவர்ட் வுல்ஃப், ஹரோல்ட் வுல்ஃப் என்று இரண்டு பேர். அவர்களிடம் டொம் என்றொருவர் வேலை செய்தார். 1895இல், ஒன்பது வயதில், கொதிக்கக் கொதிக்கச் சூப்பைக் குடித்து உணவுக்குழாய் வெந்து அடைபட்டுப்போனவர். வயிற்றில் போட்ட துளைவழியாகத்தான் சாப்பாடு. ருசிக்காக வாயில் மென்று, பிறகு புனலில் இட்டு இரைப்பைக்குள் இறக்குவார். அந்தத் துளையால் அவருடைய இரைப்பையின் நிறத்தை இரண்டு வைத்தியர்களும் நாள்தோறும் குறித்துவந்தார்கள். டொம் பயந்தால் இரைப்பை வெளிறியது. கோபப்பட்டால் சிவந்து அமிலம் பெருகியது. 1943இல் இது புத்தகமாக வந்தது. 1951இல் வில்லியம் கிரேஸ் என்பவரும் சேர்ந்து, குடல் வெளியே தெரிந்த நாலு பேரை இதேபோல் கவனித்து ‘மனிதப் பெருங்குடல்’ பற்றி இன்னொரு நூல் எழுதினார்கள். மனக்கசப்பும் ஆத்திரமும் வந்தபோது குடல் சிவந்தது, அசைவு கூடியது. மனம் தளர்ந்து எல்லாம் போச்சு என்றிருந்தபோது வெளிறியது, அசைவு அடங்கியது.

நாலு பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் குடல்வாயின் நிறத்தை வைத்து மனநிலையைக் கணிக்கவும் முடியாது. இரத்தச்சோகையிலும் அது வெளிறும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் குடலுக்கு இரத்தம் போகவில்லை என்று பொருள், அன்றைக்கே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். ஆனாலும் குடலும் மனமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய பரிசோதனை அதற்குப் பிறகு வந்ததா என்பது சந்தேகம். இன்றைய ஆய்வுகளிடம் கருவிகள் கூட, கண்கள் குறைவு.

பிறகு வந்தது ஹோர்மோன்களின் காலம். இரவு பதினொரு மணிக்கு டெக்சாமெதசோன் குளிசை ஒன்றைக் கொடுத்து, அடுத்த நாள் இரத்தத்தில் கோர்ட்டிசோல் எவ்வளவு என்று பார்ப்பது ஒரு சோதனை. சாதாரண உடம்பில் அது அடங்கிவிடும். கடுமையான மனச்சோர்வு உள்ள பலரிடம் அடங்காது. 1981இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெர்னாட் கரோல் குழு இதை வெளியிட்டபோது, மனநல வைத்தியத்துக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டது என்ற குதூகலம் எங்கும். அது நீடிக்கவில்லை. உடம்பு மெலிந்தாலும் கோர்ட்டிசோல் அடங்காது, காய்ச்சலிலும் வேறு பெரிய நோய்களிலும் அடங்காது. புற்றுநோய்க்குக் குடலை வெட்டி, பத்துக் கிலோ மெலிந்து வந்திருக்கும் மனிதரிடம் இந்தச் சோதனையை வைத்து என்ன செய்வது?

இப்போதைய நாயகன் அழற்சி. இதற்குத் தீவிலேயே ஒரு காட்சி உண்டு. நெடுந்தீவின் வெளிகளில் கூட்டமாக மேயும் குதிரைகளில் ஒன்றுக்குச் சுகமில்லாவிட்டால் அது மேயாது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கும். இது நோயின் பலவீனம் மட்டுமல்ல, கிருமியோடு போராடச் சக்தியைச் சேமிக்க மூளை எடுக்கும் முடிவு என்று 1988இல் எழுதினார் கலிபோர்னியாவின் மிருக வைத்தியர் பென்ஜமின் ஹார்ட். பசியின்மை, அசதி, நித்திரை மயக்கம், கூட்டத்தை விட்டு விலகல். இந்தப் பட்டியலை மனநல வைத்தியர் ஒருவரிடம் நீட்டினால் அவர் வேறொரு பெயர் சொல்வார்.

அந்த ஒற்றுமை தற்செயல் அல்ல என்பதற்குச் சாட்சி 2001இல் வந்தது. தோலில் வரும் மெலனோமா புற்றுநோய்க்கு அக்காலத்தில் இன்டர்ஃபெரோன்-அல்ஃபா ஏற்றுவார்கள். அழற்சியைத் தூண்டும் மருந்து அது. ஏற்றப்பட்டவர்களில் 45 வீதமானோர் மனச்சோர்வில் விழுந்தார்கள். முன்கூட்டியே பரொக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துவந்தவர்களிடம் அது 11 வீதம்தான். வாழ்க்கையில் புதிதாக எந்தத் துயரமும் நேராமல், ஊசிமருந்து ஒன்றே மனதைக் கவிழ்த்துவிட்டது. நடப்பதை இப்படி விளக்குகிறார்கள்: மீனிலும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் டிரிப்டோஃபன் என்ற பொருளிலிருந்துதான் உடம்பு செரட்டோனினைச் செய்கிறது. அழற்சி மூண்டால் அதே டிரிப்டோஃபன் கைனுரெனின் என்ற வேறு வாய்க்காலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. அந்த வாய்க்காலின் கடைசியில் நரம்புகளை உறுத்தும் பொருள்களும் விளைகின்றன.

2010இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கனடியக் குழு ஒன்று, மனச்சோர்வு உள்ளவர்களின் இரத்தத்தில் ஐ.எல்.-6, டி.என்.எஃப்.-அல்ஃபா என்ற இரண்டு அழற்சிப் புரதங்கள் சராசரியாகக் கூடியிருப்பதைக் கண்டது. அப்படியானால் அழற்சியை அடக்கினால் மனம் தெளியுமா? அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ரெய்சன் குழு 2013இல் அதைச் சோதித்தது. எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேர். பாதிப் பேருக்கு இன்ஃப்லிக்சிமாப். குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய்க்கும் இதே மருந்தைத்தான் ஏற்றுவார்கள். மொத்தத்தில் வெறும் திரவம் ஏற்றியவர்களைவிட இவர்கள் ஒன்றும் மேலாக இல்லை. ஆனால் சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு ஐந்துக்கு மேல் இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது மருந்து வேலை செய்வதுபோலத் தெரிந்தது. குறைவாக இருந்தவர்களுக்கு வெறும் திரவமே நல்லதாக இருந்தது. ஒரே பெயரில் அழைக்கப்படும் மனச்சோர்வுக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கலாம், அவற்றுள் ஒன்று அழற்சியால் வருவது என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வு பெரிய பலம்.

சரி, நம்மவரின் சி.ஆர்.பி.யை அளந்து பார்ப்போம். பன்னிரண்டு என்று வருகிறது. யார் கணக்கில் எழுதுவது? வயிற்றைத் திறந்த சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாள்களில் சி.ஆர்.பி. உச்சிக்கு ஏறி, பிறகுதான் இறங்கும். காயத்தில் சிறு சீழ், பை கசிந்து வெந்த தோல், பல் வீக்கம், மிச்சமிருக்கும் நோய் என்று எதுவும் அதை ஏற்றிவிடும். குடல்வாய் உள்ள ஒருவரிடம் சி.ஆர்.பி. கூடியிருப்பது, தைமாதக் கடற்கரையில் காற்று அடிப்பதுபோல. அடிக்காவிட்டால்தான் செய்தி. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இன்று எந்த வைத்தியசாலையிலும் ஓர் இரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. குடல்வாய் உள்ளவர்களிடம் அதைத் தேடுவது இன்னும் ஒரு படி கடினம்.

இடையில் ஒரு பிழையான நம்பிக்கையையும் கழித்துவிட வேண்டும். உடம்பின் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் உண்டாகிறது. அது உண்மை. ஆகவே குடலை வெட்டினால் செரட்டோனின் குறைந்து மனம் சோரும் என்று சொல்பவர்கள் உண்டு. குடலின் செரட்டோனின் குடலை அசைக்கவும் இரத்தம் உறையவும் பயன்படுகிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அது தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்.

ஆனால் பரிசோதனைகளை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் கூடாது. மனச்சோர்வுபோல வேடம் போடும் சில உடற்குறைகளை அவை பிடித்துத்தரும். தீவுப்பகுதியைப் பொறுத்தவரை இந்த அத்தியாயத்தில் மிகவும் பயனுள்ள பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

முதலாவது உப்பு. சிறுகுடலில் வைத்த குடல்வாயால் வெளியேறும் ஒரு லீற்றர் நீரோடு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்புப் போய்விடுகிறது. பெருங்குடல் இருந்தால் அதைத் திரும்ப உறிஞ்சியிருக்கும். ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு லீற்றர் போகிறவர் சித்திரை வெயிலில் நின்று வேர்வையும் சிந்தினால் கை கால் ஓய்ந்து, தலை கிறுகிறுத்து, யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு கிடப்பார். பார்ப்பவருக்கு ‘ஆள் யோசினையில் விழுந்திட்டார்’ என்றுதான் தோன்றும். வீட்டுக்காரர் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுப்பார்கள். அங்கேதான் சிக்கல். உப்பில்லாத தண்ணீர் உள்ளே போனால், சிறுகுடல் அதற்குள் உடம்பின் உப்பைக் கசியவிட்டு இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். குடிக்கக் குடிக்க வரட்சி கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு லண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலை வகுத்த கரைசலில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் பைகாபனேற் இருக்கும். தீவில் கைக்கெட்டுவது ஜீவனி என்ற உப்புக் கரைசல் பைக்கற்றும் உப்புப் போட்ட கஞ்சியும். சோற்றுக் கஞ்சிக்கு இன்னொரு குணமும் உண்டு, குடலிலிருந்து வருவதைச் சற்று இறுக்கும். சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று பார்க்கும் எளிய பரிசோதனை, இரத்தத்தில் மாற்றம் தெரிவதற்கு முன்பே இந்தக் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது மக்னீசியம். இதுவும் குடல்வாயால் ஒழுகிப் போகும். குறைந்தால் தசைப்பிடிப்பு, எரிச்சல், மனத்தளர்ச்சி. மூன்றாவது விட்டமின் பி12. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்பு இதை உறிஞ்சுகிறது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்கு ஈரலின் சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும். பிறகுதான் குறை தலைகாட்டும். மறதி, சோர்வு, பாதத்தில் விறைப்பு, காரணமில்லாத துக்கம். சத்திரசிகிச்சை நடந்து நாலைந்து வருடம் கழிந்து வரும் துக்கத்தை யார் வெட்டிய குடலோடு முடிச்சுப் போடுவார்கள்? தொடர்ந்து ஊசி போட்டால் தீரக்கூடியது அது.

பனங்கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். நார் நிறைந்த பண்டத்தை மெல்லாமல் விழுங்கினால் ஒடுங்கிய சிறுகுடல் வாயில் அடைத்துக்கொள்ளும். ஆகவே விலக்கச் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் பனங்கிழங்கும் போய், மணத்துக்குப் பயந்து மீனும் போய், தீவில் பிறந்த ஒருவரின் தட்டில் பிறகு என்னதான் மிஞ்சும்? விலக்குவதைவிட நார் உரித்து, துண்டுதுண்டாய் முறித்து, நன்றாக மென்று தின்னச் சொல்லிக்கொடுப்பது மேல். ஒரு மனிதரின் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கும்போது அவருடைய மனதிலும் கை வைக்கிறோம்.

உண்மையாகவே மனச்சோர்வு என்று முடிவானால் மருந்து உண்டு. அதிலும் குடல் குறுக்கே வந்து நிற்கும். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த குளிசைகள் நீண்ட குடலை நம்பிச் செய்யப்பட்டவை. இலியோஸ்டமி உள்ளவர் விழுங்கினால் பாதி கரைந்தும் கரையாமலும் பைக்குள் வந்து விழலாம். சத்தமில்லாமல் நடக்கும் இந்த விரயத்தை, பையைக் கழிக்கும்போது குளிசையைக் கண்ணால் கண்டவர்தான் வந்து சொல்லவேண்டும். உடனே கரையும் குளிசையோ பாணியோ கொடுப்பதுதான் வழி. ஃபுளுவொக்செட்டின் போன்றவை தொடக்கத்தில் வயிற்றை இளக்கும், இரத்தத்தின் சோடியத்தையும் குறைக்கலாம். ஏற்கெனவே உப்பை இழந்துகொண்டிருப்பவரிடம் இதைக் கவனித்துத் தொடங்கவேண்டும். அமிட்ரிப்டிலின் குடலை மந்தமாக்கும். கொலஸ்டமி உள்ளவருக்கு அது மலச்சிக்கல், இலியோஸ்டமி உள்ளவருக்குச் சிலவேளை உபகாரம்.

குடல்வாய் வைத்தவர்களில் எத்தனை பேருக்கு மனம் பாதிக்கப்படுகிறது? 1997இல் பிரிட்டனில் வெளிவந்த மீளாய்வு ஒன்று, ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு என்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் போர் முடிந்த கையோடு 2009இல் ஏறத்தாழ 1,500 வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பொதுச் சனத்தில் 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகோலில் எடுத்தவை, பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஆனால் வயிற்றில் கத்தி படுவதற்கு முன்பே இந்த மண்ணில் சுமை எவ்வளவு இருந்தது என்பதை இரண்டாவது எண் சொல்லும். 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை நெடுந்தீவில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கிளினிக்குக்குப் போகும் வழியும் அதே கடல்தான்.

2009இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிலன் ஸ்மித், பீற்றர் உபெல் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். புதிதாகக் குடல்வாய் வைத்தவர்களை ஆறு மாதம் தொடர்ந்து விசாரித்தார்கள். சிலருக்கு அது நிரந்தரம். சிலருக்குத் தற்காலிகம், பிறகு மூடிவிடலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. யார் கூடச் சந்தோஷமாக இருப்பார்கள்? நிரந்தரம் என்று அறிந்தவர்கள் மாதங்கள் போகப்போகத் தேறினார்கள். மூடிவிடலாம் என்று காத்திருந்தவர்கள் தேறவில்லை. பை ஒன்றுதான், கசிவும் ஒன்றுதான். ஆனால் இவர்கள் அதோடு வாழத் தொடங்கவேயில்லை. விருந்தாளி எப்போது போவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு மனம் சட்டென்று வேறிடம் தாவும். 1990களின் தொடக்கத்தில் தீவுகளை விட்டு ஓடியவர்கள், ‘அடுத்த மாதம் போயிடலாம்’ என்று பெட்டியைப் பிரிக்காமலே வருடக்கணக்காக இருந்தவர்கள். மேலே சொன்ன 2009 யாழ்ப்பாண ஆய்விலும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் மனச்சோர்வு 41.8 வீதமாக இருந்தது. உவமை கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எழுத்தாளர் பேனையை மூடிவிடலாம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: அவரவர் பட்ட கொடுமைகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, இடப்பெயர்வுக்கும் மனச்சோர்வுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. அவர்களை வாட்டியது காத்திருப்பு என்பதைவிடக் கண்டதும் இழந்ததும். உவமையைக் கைவிடவேண்டியதுதான்.

குடல்வாய் விஷயத்தில் ‘தற்காலிகம்’ என்ற சொல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் கேள்வி. ஊர்காவற்றுறையும் வேலணையும் உள்ள தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப்பெயரான லெய்டனைச் சூட்டியிருந்தார்கள். அந்த அசல் லெய்டன் நகரின் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மலக்குடல் புற்றுநோய்க்காகத் தற்காலிகமாக வைக்கப்பட்ட குடல்வாய்களில் 19 வீதம் கடைசிவரை மூடப்படவேயில்லை. நோய் திரும்புவது, வயது, தையலில் கசிவு என்று காரணங்கள் பல. ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே ‘மூடப் பார்ப்போம், சிலவேளை முடியாமலும் போகலாம்’ என்று சொல்லிவிடும் வைத்தியரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்கக்கூடாது.

மற்றது கோயில். 2002இல் துருக்கியில் நடந்த ஆய்வில், நிரந்தரக் குடல்வாய் வைத்த முஸ்லிம்கள் பலர் தொழுகையையும் நோன்பையும் விட்டிருந்தார்கள். ‘சுத்தமில்லை’ என்ற எண்ணம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கொடியேறும் காலத்தில், இத்தனை வருடமாய்த் தேர் பார்க்கத் தவறாத ஒருவர் ‘கால் நோகுது’ என்று சொல்லி வீட்டில் படுத்திருந்தால், நோவது காலாக இராது. சி.ஆர்.பி. அதைக் காட்டப்போவதில்லை.

உடல்நோயும் மனச்சோர்வும் இப்படிக் குழம்புவதால்தான் 1983இல் சிக்மண்ட், ஸ்னெயித் என்ற இருவர் வைத்தியசாலை நோயாளருக்கென்றே வேறொரு கேள்வித்தாளைச் செய்தார்கள். பதினாலு கேள்விகள். பசி இல்லை, நித்திரை இல்லை, நிறை இல்லை. உடல்நோய் கலந்து குழப்பும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதன் மனச்சோர்வுப் பகுதி முன்பு சந்தோஷம் தந்தவை இப்போதும் தருகின்றனவா என்பதையே பெரும்பாலும் சுற்றிச்சுற்றிக் கேட்கும். தீவுத் தமிழில் அதைக் கேட்பதானால்: கரைவலை இழுக்கிற சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறதா? பேரப்பிள்ளை மடியில் ஏற வந்தால் என்ன செய்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பலர் கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டுதான் பதில் சொல்வார்கள்.

இன்றைய பை என்ற பொருளே இந்த மாதிரியான ஒரு கவலையில் பிறந்ததுதான். டென்மார்க்கில் எலிஸ் சோரென்சன் என்ற தாதியின் தங்கை தோராவுக்குக் குடல்வாய் வைத்தார்கள். கசிந்துவிடும் என்ற பயத்தில் தோரா வெளியே போவதையே விட்டுவிட்டாள். 1954இல் அக்கா, தோலில் ஒட்டிக் கழற்றி எறியக்கூடிய ஒரு பையை யோசித்தார். தொழிற்சாலைக்காரர் ஒருவர் முதலில் மறுத்தார். அவருடைய மனைவியும் ஒரு தாதி, அவர் சொல்லித்தான் இசைந்தார். 1957இல் கோலோபிளாஸ்ட் நிறுவனம் அதிலிருந்து தொடங்கியது. இன்று கேள்வி பையின் விலை. 2022இல் ரூபாய் சரிந்தபோது இறக்குமதியாகும் எல்லாப் பொருளையும்போல இதுவும் எட்டாத உயரத்துக்குப் போனது. ஒரு தரம் ஒட்டி எறியவேண்டியதைக் கழுவி, காயவைத்து, பிளாஸ்டர் போட்டு மறுபடி ஒட்டினால் ஓரம் கசியும், தோல் வேகும். வெந்த தோலில் அடுத்த பை ஒட்டாது.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நாட்டின் நெடுக்கே சனம் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதே வளாகத்தில் மனநலப் பிரிவும் உண்டு. புற்றுநோய்க் கிளினிக்குக்கு வரும் தீவுக்காரர் ஒருவரை, அங்கிருந்து சில நிமிட நடையில் மற்றக் கட்டடத்துக்கும் அனுப்பலாம். அனுப்பவேண்டும் என்று யாருக்காவது தோன்றவேண்டும், படகுக்கு நேரமும் இருக்கவேண்டும். சாக நினைப்பதாக ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் கிளினிக் திகதிவரை காத்திருக்கக்கூடாது. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் தொலைபேசி எடுக்கலாம்.

நம்மவரின் கிளினிக் முடிகிறது. தாதி அவரை மறைப்புக்குள் கூட்டிப்போய்ப் பழைய பையை மேலிருந்து கீழாக மெதுவாக உரிக்கிறார். வெந்நீர், துணி, துடைத்துக் காயவைத்தல். புதுப் பையின் துளையை வாயின் அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் பெரிதாக வெட்டி ஒட்டியபின், “ஐயா, கையை இதிலே வைச்சு ஒரு நிமிஷம் அமத்திப் பிடியுங்கோ, சூட்டிலேதான் பசை பிடிக்கும்” என்கிறார். ஐயா அமத்திப் பிடிக்கிறார். முதன்முறையாகக் குனிந்தும் பார்க்கிறார். “நல்ல சிவப்பா இருக்கு, மிஸ்.”

துண்டில் எழுதிக் கொடுத்தவை: ஜீவனி நாளுக்கு ஒரு லீற்றர், கஞ்சிக்கு உப்பு, மக்னீசியமும் பி12உம் பார்க்க இரத்தம், ஃபுளுவொக்செட்டின் பாணி, மீன் சாப்பிடலாம். அடுத்த திகதி ஒரு மாதம் கழித்து, படகு ஓடினால்.